போர்ச் செய்தியும் பிறசிநேகமும்



வேதசாஸ்திரி ஒருவன் நமதாண்டவரிடம் வந்து, தன் பிறன் யார் என்று கேட்ட வரலாற்றை நீங்கள் சிறுவயது முதல் கேட்டிருக்கிறீர்கள். அவன் கேட்டது அறிந்துகொள்ளும் ஆசையினால் அல்ல. எந்த எல்லை வரையில் சிநேகித்தால் போதும், எந்த எல்லைக்கு அப்பால் சிநேகிக்காமல் விட்டுவிடலாம் என்று கணக்குப் பார்க்கவே கேட்டான். அவனுக்குச் சேசுநாதர் சுவாமி சொன்ன மறுமொழிதான் நல்ல சமாரித்தன் உவமை. கள்ளர் கையில் அடிபட்டுக் கிடந்தவன் யூதன்; அவன் காயத்தில் எண்ணெயும் முந்திரிகை இரசமும் வார்த்தவன் சமாரித்தன். இவ்விரு ஜனங்களும் அண்டை நாட்டார். தலைமுறை தலைமுறையாய்ப் பகைத்து நின்றவர்கள். இதை நாம் பலமுறை கேட்டுக் கேட்டு, உவமையின் கூர் மழுங்கிப் போயிற்று. சமாதான காலத்தில் இந்த உவமை ஒரு நல்ல கதை. யுத்த காலத்தில் இது ஒரு பரீட்சை.

அந்தப் பரீட்சை நம் நாட்டு ஜனங்களுக்கு ஒருமுறை திடீரென்று வந்தது. அப்போது நாம் எதில் தேறினோம், எதில் தவறினோம் என்பதை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். எழுபது வயதைக் கடந்த உங்கள் குருவானவருக்கு அதில் சொந்தக் கணக்கும் ஒன்று உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லுகிறேன்.

1962-ம் ஆண்டு அக்டோபர் 20-ந் தேதி, சனிக்கிழமை. அன்று விடியற்காலையில் சீனப் பட்டாளங்கள் வடகிழக்கே நாம்கா சூ என்னும் ஆற்றங்கரையிலும், வடமேற்கே லடாக்கிலும் நம் காவல் நிலையங்கள் மீது பாய்ந்தன. இரு சர்க்கார்களுக்கும் நடுவே எல்லைத் தகராறு பல ஆண்டுகளாக இருந்துவந்தது உண்மையே. 1914-ல் வரையப்பட்ட மக்மகான் கோட்டைச் சீனா ஏற்கவில்லை. லடாக்கின் அக்சாய் சின் பகுதி வழியாகச் சீனா போட்ட சாலை 1957-ல் வெளிவந்தது. 1959-ல் எல்லையில் இரத்தமும் சிந்தியது. ஆனால் சந்தைக்குப் போய்வரும் சாதாரண ஜனங்களுக்கு இவையெல்லாம் தூரத்துச் சங்கதி. அவர்கள் அறிந்ததெல்லாம் 1954-ல் கையெழுத்தான பஞ்சசீல உடன்படிக்கையும், இந்தியரும் சீனரும் சகோதரர் என்று எங்கும் எழும்பிய கோஷமுந்தான். 1956-ல் சீனப் பிரதமர் சூ-என்-லாய் சென்னைக்கும் மகாபலிபுரத்துக்கும் வந்து போனார். அப்படி விருந்துண்டு போன வீட்டாரோடு ஆறு வருஷத்தில் யுத்தம் மூளும் என்று யார் நினைத்தார்?

மறுநாள் 21-ந் தேதி, உலகமெங்கும் திருச்சபையில் வேதபோதக ஞாயிறு. சகல ஜாதி ஜனங்களும் சர்வேசுரனை அறிய வேண்டுமென்று மன்றாடும் நாள். எங்கள் ஊர்க் கோயிலில் பூசை முடிந்ததும் ஆண்கள் வாசலில் நின்று ரேடியோச் செய்தியைப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயது ஒன்பது. பெரியவர்கள் முகம் அப்படி மாறி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

யுத்தம் ஒரு மாதம் நடந்தது. தவாங் விழுந்தது, பிறகு பொம்டிலா விழுந்தது, அஸ்ஸாமிலே தேஜ்பூர் பட்டணத்து ஜனங்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். நவம்பர் 18-ந் தேதி லடாக்கின் ரெசாங் லா கணவாயில், 16,000 அடி உயரத்தில், மேஜர் சைத்தான் சிங் என்பவரின் கீழ் நின்ற குமாவோன் படைப் பிரிவின் 120 பேரில் நூற்றுக்கு மேற்பட்டோர் நின்ற இடத்திலேயே போரிட்டு மாண்டார்கள். பனிக்காலம் நெருங்கும் மலைச் சிகரங்களில் பருத்தி உடுப்போடு நின்று போராடிய நம் சிப்பாய்கள் எத்தனையோ பேர். நவம்பர் 21-ந் தேதி சீனா தானாகவே போர் நிறுத்தம் அறிவித்தது. நம் அரசாங்கக் கணக்கின்படி உயிர் நீத்தவர் 1,383 பேர்; காணாமற் போனவர் 1,696 பேர். சீனத் தரப்பிலும் எழுநூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களையும் ஒரு தாய் பெற்று வளர்த்தாள்.

கிறீஸ்தவர்களே, அந்த ஒரு மாதத்தில் நம் ஜனங்கள் காட்டிய தியாகத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது. தேசப் பாதுகாப்பு நிதி என்று ஒன்று ஏற்பட்டது. செல்வந்தர் காசோலை எழுதினார்கள். ஏழைகள் முந்தானை முடிச்சை அவிழ்த்தார்கள். கை வளையலைக் கழற்றிக் கொடுத்த பெண்கள் நாடெங்கும் ஆயிரம் ஆயிரம். பட்டாள ஆள்சேர்ப்பு நிலையங்களில் வாலிபர் வரிசையாக நின்றார்கள். ஆஸ்பத்திரிகளில் இரத்தம் கொடுக்க ஜனங்கள் காத்திருந்தார்கள். கம்பளி நூலையே கண்டிராத ஊர்களிலும் சிப்பாய்களுக்குச் சட்டை பின்னப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள்.

நம் ராஜ்யத்திலோ, அரசியல் சண்டைகள் ஒரே நாளில் ஓய்ந்தன. காமராஜர் முதல் மந்திரி. அவரை எதிர்த்து நின்ற தி.மு.க. அதுவரை தனி நாடு கேட்டு வந்த கட்சி. யுத்தம் வந்ததும் அண்ணாதுரை அவர்கள் அந்தக் கோரிக்கையை ஒதுக்கி வைத்து, நாட்டைக் காக்கும் காரியத்திற்கு முழு ஆதரவு தந்தார். வீடு தீப்பற்றும்போது பாகப்பிரிவினை பேசலாகாது என்பது நம் ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டிலே என் தாயார், திருநாளுக்குப் புடவை வாங்கச் சேர்த்துவைத்திருந்த பணத்தைப் பங்குச் சுவாமியார் கையில் கொடுத்தார்கள். நான் என் உண்டியலை உடைத்தேன். அதில் நாற்பது நயாபைசா இருந்தது.

தேசப் பற்று ஒரு புண்ணியம் என்பதை இங்கே தெளிவாய்ச் சொல்லிவிடுகிறேன். நாலாம் கற்பனையினால் தாய் தகப்பனை எப்படிச் சங்கிக்கக் கடமைப்பட்டிருக்கிறோமோ, அப்படியே பிறந்த நாட்டுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம் என்று திருச்சபை போதிக்கிறது. சேசுநாதர் சுவாமியே தம் ஜனத்தின் பட்டணமாகிய ஜெருசலேமைப் பார்த்துக் கண்ணீர் விட்டார். வீட்டையும் வயலையும் கோயிலையும் காக்க ஆயுதம் எடுத்து நிற்கும் சிப்பாய், தன் கடமையைச் செய்கிறான். அவனுக்காக ஜெபிப்பதும், அவன் குடும்பத்தைத் தாங்குவதும் நம் கடமை. இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

ஆனால் பாருங்கள், ஒரே மழையில் நெல்லும் வளர்கிறது, களையும் வளர்கிறது. நாடு ஒன்றாய் எழுந்த அந்த நாட்களிலேயே இன்னொன்றும் எழுந்தது. எல்லையில் நின்ற சீனனை நம்மால் எட்டித் தொட முடியவில்லை. ஆகவே கைக்கு எட்டியவன் மேல் கோபம் திரும்பிற்று.

நம் நாட்டிலே பல தலைமுறைகளாய் வாழ்ந்த சீன வம்சத்தார் இருந்தார்கள். அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டங்களுக்கு 19-ம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் கொண்டுவந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மாகும் என்னும் ஊரில் இருந்தார்கள். கல்கத்தாவில் தோல் பதனிடுகிறவர்கள், செருப்புத் தைக்கிறவர்கள், தச்சர்கள் இருந்தார்கள். டார்ஜிலிங்கிலும் ஷில்லாங்கிலும் கடை வைத்திருந்தார்கள். நம் பக்கத்தில்கூடச் சீனர் புதியவர்கள் அல்ல. நீலகிரியில் நடுவட்டத்துச் சிங்கோனாத் தோட்டத்தில் வேலை செய்யக் கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளில் சிலர், விடுதலையான பின் தமிழ்ப் பெண்களை மணந்து அங்கேயே குடியிருந்துவிட்டார்கள். சென்னையிலே சீனப் பல் வைத்தியர்களிடம் பல் கட்டிக்கொள்ளாத குடும்பம் எத்தனை?

அக்டோபர் 26-ந் தேதி நாட்டில் நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. சீன வம்சத்தாரைப் பிடித்துக் காவலில் வைக்கச் சட்டமும் வந்தது. நவம்பர் மாதத்தில் அஸ்ஸாமிலும் வங்காளத்து மலை ஊர்களிலும் போலீஸார் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். கிழவர், கர்ப்பிணிகள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்ற பேதம் இல்லை. ஏறத்தாழ 3,000 பேர் இரயிலேற்றப்பட்டு, பல நாள் பிரயாணமாய் ராஜஸ்தான் பாலைநிலத்துத் தேவ்லி முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வழியில் ஜனங்கள் கூடி வசைபாடிக் கல்லெறிந்தார்கள் என்று அந்த இரயிலில் போனவர்கள் பிற்காலத்தில் சாட்சி சொன்னார்கள். அவர்களில் பலர் சீன பாஷையைவிட அஸ்ஸாமியும் நேபாளியும் இந்தியுமே நன்றாய்ப் பேசத் தெரிந்தவர்கள். சீன தேசத்தைக் கண்ணால் கண்டிராதவர்கள். விசாரணை இல்லாமலே வைக்கப்பட்டார்கள். கடைசியாக இருந்தவர்கள் வெளிவர 1967-ம் ஆண்டாயிற்று. திரும்பி வந்தவர்களில் பலர், தங்கள் வீடும் கடையும் ஏலம் போயிருக்கக் கண்டார்கள். பலர் இந்தியாவையே விட்டுப் போய்விட்டார்கள். கல்கத்தாவில் பெருகி வாழ்ந்த அந்தச் சமூகம் இன்று சில ஆயிரமாய்ச் சுருங்கிக் கிடக்கிறது.

யுத்தம் நடந்ததோ ஒரு மாதம். சந்தேகம் நடந்ததோ ஐந்து வருஷம். எல்லைச் சண்டை நின்ற பிறகும், இருதயத்தின் சண்டைக்கு யாரும் போர் நிறுத்தம் அறிவிக்கவில்லை.

"சுவாமி, யுத்த காலத்தில் ஒற்றர்கள் இருக்கமாட்டார்களா? அரசாங்கம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா?" என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். களவு செய்தவனைப் பிடிக்க வேண்டும். காட்டிக்கொடுத்தவனைத் தண்டிக்க வேண்டும். அதற்குத்தான் போலீசும் நீதிஸ்தலமும் இருக்கின்றன. ஆனால் செய்த குற்றத்திற்காக ஒருவனைப் பிடிப்பது வேறு, பிறந்த பிறப்புக்காகப் பிடிப்பது வேறு. முன்னது நீதி. பின்னது பயம் நீதியின் உடையைப் போட்டுக்கொண்டு வருவது. திருக்குழந்தையைத் தேடிய ஏரோதும் தன் ராஜ்யத்தின் பாதுகாப்புக்காகவே பெத்லெகேம் குழந்தைகளைக் கொன்றான் என்பதை மறக்க வேண்டாம். அர்ச். சூசையப்பரும் தேவமாதாவும் எஜிப்து நாட்டுக்கு ஓடினபோது, அந்நிய முகம் என்று அவர்கள்மேல் அங்கே கதவு அடைபட்டிருந்தால் என்ன ஆயிருக்கும்?

சர்க்கார் செய்ததை மட்டும் பேசி நான் நிறுத்திக்கொண்டால் அது சுலபமான பிரசங்கம். சர்க்காருக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? தெருவில் நின்ற நம்மிடமிருந்து வந்தது. ஆகையால் இப்போது என் சொந்தக் கணக்கைச் சொல்லுகிறேன்.

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் சீனர் ஒருவர் பல் வைத்தியம் செய்துவந்தார். கடை வாசலில் பெரிய பல்வரிசை ஒன்று எழுதின பலகை தொங்கும். நாங்கள் பயந்து பயந்து அதைப் பார்த்துக்கொண்டு போவோம். தமிழைக் கொஞ்சம் கொச்சையாகப் பேசுவார். என் பாட்டிக்குப் பல்வலி வந்து இரவெல்லாம் துடித்தபோது, விடியுமுன் கதவைத் திறந்து பல்லைப் பிடுங்கி, கூலி வாங்காமல் அனுப்பினவர் அவர். பாட்டியோடு போயிருந்த என் கையில் ஒரு மிட்டாய் வைத்து, என் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகு நான் எப்போது அந்தப் பக்கம் போனாலும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

நவம்பர் மாதத்தில் ஒரு நாள் மாலை, பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூட்டமாய்ப் போனோம். யார் ஆரம்பித்தார் என்று தெரியாது. "சீனாக்காரா, வெளியே போ" என்று கூச்சல் கிளம்பிற்று. ஒருவன் மண்ணாங்கட்டியை எடுத்து அந்தப் பலகைமேல் எறிந்தான். அடுத்தவன் எறிந்தான். நானும் எறிந்தேன். அவர் வெளியே வந்து நின்றார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் பெயரை ஒரு தரம் சொன்னார். கோபமாய்ச் சொல்லவில்லை, வழக்கமாய்க் கூப்பிடுகிற மாதிரியே சொன்னார். அப்புறம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சுற்றி நின்ற பெரியவர்கள் சிரித்தார்கள். ஒருவர் என் முதுகில் தட்டி, "பலே! தேசபக்தன்" என்றார்.

அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்டியலை உடைத்துக் கொடுத்தபோது வந்த சந்தோஷம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்த நாற்பது நயாபைசாவைக் கொடுத்ததும் தேசத்துக்காக. இந்த மண்ணாங்கட்டியை எறிந்ததும் தேசத்துக்காக. இரண்டுக்கும் எனக்குக் கிடைத்தது ஒரே பாராட்டு. ஆனால் மனச்சாட்சி மட்டும் இரண்டையும் ஒன்றாக எடைபோட மறுத்துவிட்டது.

டிசம்பர் 3-ந் தேதி அர்ச். சவேரியார் திருநாள். அதற்கு முன்தினம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொய் சொன்னது, பழம் திருடினது எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் இதையும் சொன்னேன். பங்குச் சுவாமியார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மூன்று அருள் நிறை மந்திரம் சொல், அந்த மனிதரிடம் போய் மன்னிப்புக் கேள்" என்று அபராதம் கொடுத்தார். மந்திரத்தை உடனே சொல்லி முடித்தேன். மன்னிப்புக் கேட்க வெட்கமாயிருந்தது. இன்று, நாளை என்று நாலு நாள் கடத்தினேன். ஐந்தாம் நாள் போனபோது கடை பூட்டிக் கிடந்தது. பலகையைக் கழற்றியிருந்தார்கள். கல்கத்தாவில் உறவுக்காரரிடம் போய்விட்டார் என்றார் ஒருவர். போலீஸார் கூட்டிப் போனார்கள் என்றார் இன்னொருவர். எது உண்மை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த அபராதம் இன்னும் பாக்கி நிற்கிறது. குருப்பட்டம் பெற்ற நாள் முதல், சவேரியார் திருநாள் பூசையில் அவரை நினையாத வருஷம் இல்லை.

இதை ஏன் உங்களுக்குச் சொல்லுகிறேன்? பெரிய பாவிகள்தான் பகையை வளர்க்கிறார்கள் என்று நாம் நினைத்துக்கொள்ளுகிறோம். அப்படியல்ல. பூசை காண்கிற வீட்டுப் பிள்ளை, பாட்டிக்குச் செய்த உபகாரத்தை அறிந்த பிள்ளை, கூட்டத்தோடு கூட்டமாய் ஒரு நிமிஷத்தில் அதைச் செய்தான். யுத்தச் செய்தி வந்தவுடன் நாம் எல்லோரும் பெரிய கூட்டத்தில் ஒருவராகி விடுகிறோம். அதில் ஒரு மயக்கம் இருக்கிறது. அந்த மயக்கத்தில் முதலில் மறந்துபோவது முகங்கள். பல் வைத்தியர் மறைந்து "சீனாக்காரன்" மட்டும் கண்ணில் நின்றான்.

இந்த நாட்களில் திருச்சபை என்ன செய்துகொண்டிருந்தது என்று பாருங்கள். யுத்தம் மூள்வதற்கு ஒன்பது நாள் முன்பு, அக்டோபர் 11-ந் தேதி, உரோமையில் பரிசுத்த பாப்பானவர் 23-ம் அருளப்பர் வத்திக்கான் இரண்டாம் சங்கத்தைத் தொடங்கி வைத்திருந்தார். நம் நாட்டு மேற்றிராணிமாரும் அங்கே இருந்தார்கள். சீன தேசத்தில் பிறந்து, கம்யூனிஸ்ட் அரசாங்கத்தினால் தங்கள் மேற்றிராசனங்களை இழந்த மேற்றிராணிமாரும் அங்கே இருந்தார்கள். அவர்களோடு அங்கே வரமுடியாமல், ஷாங்காய் மேற்றிராணியார் இஞ்ஞாசி குங் பின்-மெய் விசுவாசத்தினிமித்தம் 1955 முதல் சிறையில் இருந்தார். சீனர் என்றாலே எதிரி என்று நம் தெருவில் கத்தினோமே, அந்தச் சீனரில் நமக்காகவும் ஜெபித்துக்கொண்டு சிறையில் கிடந்த வேதசாட்சிகள் எத்தனை பேர்!

அந்தச் சங்கத்துப் பிதாக்கள் உலக மாந்தர் அனைவருக்கும் ஒரு செய்தி அனுப்பினார்கள். ஜனங்களுக்குள் சமாதானம் வேண்டும் என்பது அதன் முக்கியமான விஷயங்களில் ஒன்று. அதை வெளியிட்ட தேதி எது தெரியுமா? 1962 அக்டோபர் 20. நாம்கா சூ ஆற்றங்கரையில் பீரங்கி முழங்கின அதே நாள். ஐந்து நாள் கழித்து, கியூபா விஷயமாய் உலகமே அணுகுண்டுப் பயத்தில் நடுங்கினபோது, பாப்பானவர் ரேடியோவில் பேசித் தேசத் தலைவர்களைச் சமாதானத்துக்கு மன்றாடினார். மறுவருஷம் 1963 ஏப்ரல் 11-ந் தேதி, பெரிய வியாழக்கிழமையன்று, உலக சமாதானத்தைப் பற்றிய நிருபத்தை வெளியிட்டார். அதைக் கத்தோலிக்கருக்கு மட்டுமல்ல, நன்மனதுள்ள மனிதர் அனைவருக்கும் எழுதினார். ஜூன் 3-ந் தேதி மரித்தார். சாகப்போகிற தகப்பன் பிள்ளைகளுக்குச் சொல்லிப் போகிற புத்தியைப்போல் அது இருந்தது.

இனி அர்ச். சவேரியாரிடம் வருகிறேன். நம் கடற்கரையெங்கும் தமிழில் மந்திரம் சொல்லிக்கொடுத்து, ஆயிரம் ஆயிரமாய் ஞானஸ்நானம் கொடுத்த நம் அப்போஸ்தலர், கடைசியாய் ஆசைப்பட்டது எந்த நாட்டை? சீன தேசத்தை. அந்தக் காலத்தில் அந்நியர் சீனாவுக்குள் நுழைந்தால் சிறை அல்லது சாவு. அது தெரிந்தும், சீனக் கரைக்கு எதிரே உள்ள சான்சியான் தீவு வரை போய்ச் சேர்ந்தார். அக்கரைக்கு அழைத்துப்போக வாக்குக் கொடுத்த வர்த்தகன் வரவில்லை. காய்ச்சலில் விழுந்து, 1552 டிசம்பர் 3-ந் தேதி, சீனக் கரையை நோக்கியபடி உயிர்விட்டார். கடைசி நேரத்தில் அவர் பக்கத்தில் இருந்து பணிவிடை செய்தவன் அந்தோனி என்னும் வாலிபன். அவன் யார் என்று நினைக்கிறீர்கள்? கோவாவில் படித்த ஒரு சீனக் கிறீஸ்தவன்.

கிறீஸ்தவர்களே, இதை நன்றாய் யோசியுங்கள். நம் முன்னோருக்கு விசுவாசத்தைக் கொடுத்த அர்ச்சியசிஷ்டவருக்குக் கடைசித் தண்ணீர் கொடுத்தது ஒரு சீனக் கை. அவருடைய திருநாளுக்குக் கொடி கட்டுகிற ஊரில், சீனர் ஒருவர் மேல் மண்ணை எறிந்தேன் நான். அவர் திருநாளுக்கு முன்தினம் அந்தப் பாவத்தைச் சொல்ல அழைத்தவரும் அவரே என்றுதான் நம்புகிறேன்.

இது பழங்கதை என்று யாரும் எண்ண வேண்டாம். 2025-ம் ஆண்டு மே மாதம், தேவமாதாவின் வணக்கமாதத்தில், 7-ந் தேதி முதல் 10-ந் தேதி வரை இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் திடீரென்று சண்டை மூண்டதை நீங்களே கண்டீர்கள். 1962-ல் செய்தி வர ரேடியோப் பெட்டி ஒன்றுதான். 2025-லோ ஒவ்வொரு கையிலும் ஒரு பெட்டி. கராச்சித் துறைமுகம் அழிந்துவிட்டது என்று நடக்காததை நடந்ததாய்ச் சில தொலைக்காட்சிகள் இரவெல்லாம் சொல்லின. ஜனங்கள் அதைக் கைதட்டிப் பார்த்து, கைப்பேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள். துறைமுகத்தில் மூட்டை சுமப்பவனும் மீன் பிடிப்பவனும் இருப்பார்களே என்று யாருக்குத் தோன்றியது? கராச்சி என்னும் ஊர்ப் பெயரைக் கொண்டிருந்த ஒரே காரணத்துக்காக ஐதராபாத்தில் ஒரு ரொட்டிக் கடை தாக்கப்பட்டது. கடைக்காரரோ இந்தியர். எங்கள் ஊர்ப் பலகைக்கும் இந்தப் பலகைக்கும் என்ன வித்தியாசம்? 8-ந் தேதி தெரிந்தெடுக்கப்பட்ட பரிசுத்த பாப்பானவர் 14-ம் சிங்கராயர், 11-ந் தேதி ஞாயிறன்று ஜனங்கள் முன் தோன்றி, இரு நாடுகளுக்கும் நடுவே போர் நிறுத்தம் ஏற்பட்டதை வரவேற்றுப் பேசினார். அவரோடு சேர்ந்து நாமும் ஸ்தோத்திரம் சொன்னோமா, அல்லது சண்டை இத்தனை சீக்கிரம் முடிந்ததே என்று வருத்தப்பட்டோமா?

ஆகையால், மறுபடியும் ஒரு யுத்தச் செய்தி வந்தால் நம் வீடுகளில் நடக்க வேண்டியது என்ன என்று மூன்று காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, நாவை அடக்குங்கள். தகப்பன்மாரே, சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை மறுநாள் பள்ளிக்கூடத்தில் உங்கள் பிள்ளையின் கையில் மண்ணாங்கட்டியாகிறது. உண்மையா என்று தெரியாத சமாசாரத்தைப் பரப்புவது எட்டாம் கற்பனைக்கு விரோதமான பாவம். யுத்தம் நடக்கிறது என்பதற்காக அந்தக் கற்பனைக்கு விடுமுறை கிடையாது. கைப்பேசியில் வந்ததை அடுத்தவருக்கு அனுப்புமுன், ஒரு அருள் நிறை மந்திரம் சொல்லுங்கள். சொல்லி முடித்த பிறகும் அனுப்பலாம் என்று தோன்றினால் அனுப்புங்கள்.

இரண்டாவது, கையைத் திறவுங்கள். பட்டாளத்தில் பிள்ளையை வைத்திருக்கும் வீடு நம் பங்கிலும் உண்டு. அந்தத் தாய்க்குக் கோஷம் வேண்டாம், துணை வேண்டும். போய் உட்காருங்கள். அவளோடு ஜெபமாலை சொல்லுங்கள். அதேபோல், எதிரி நாட்டுப் பெயரோ முகமோ மதமோ கொண்டவர் என்று பிறர் ஒதுக்கி வைக்கிற குடும்பம் நம் தெருவில் இருந்தால், அந்த வாரம் அவர்கள் கடையில் ஒரு சாமானாவது வாங்குங்கள். வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசுங்கள். கூட்டத்துக்கு எதிரே நின்று பிரசங்கம் பண்ண நம்மில் பலருக்குத் தைரியம் இராது. ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எல்லோருக்கும் முடியும். அந்தச் சீனர் எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான்.

மூன்றாவது, ஜெபத்தில் எல்லை வைக்காதீர்கள். குடும்ப ஜெபத்தில் நம் சிப்பாய்களுக்காக ஒரு பரலோக மந்திரம் சொன்னால், அந்தப் பக்கத்துச் சிப்பாய்களுக்காகவும் ஒன்று சொல்லுங்கள். இது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். சத்துருக்களைச் சிநேகிக்கச் சொன்ன ஆண்டவருக்கும் அது கஷ்டம் என்று தெரியும். சிலுவையிலே தொங்கும்போதுதான் அவர் அதைச் செய்து காட்டினார்.

கடைசியாய் ஒன்று. யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டியது உங்களுக்கு இருந்தால், அது யுத்தத்தால் வந்த மனத்தாங்கலோ, வரப்புச் சண்டையோ, சொத்துத் தகராறோ, எதுவாயிருந்தாலும் சரி, இன்று பூசை முடிந்ததும் நேரே அவர் வீட்டுக்குப் போங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள். பூட்டிய கதவின் முன் நின்ற ஒருவன் சொல்லுகிறேன்.

சமாதானத்தின் இராக்கினியே, எங்கள் நாட்டையும் எங்கள் அண்டை நாடுகளையும் உமது மேலாடையின் கீழ் வைத்துக் காத்தருளும். அர்ச். சவேரியாரே, நீர் ஆசைப்பட்டுக் காணாமற்போன தேசத்தாருக்காகவும், நீர் நடந்துபோன எங்கள் கரைக்காகவும் வேண்டிக்கொள்ளும். 1962-ம் ஆண்டு இரு பக்கத்திலும் மடிந்த ஆத்துமங்களும், தேவ்லியில் வாடி மறைந்தவர்களும் நித்திய இளைப்பாற்றி அடைவார்களாக.

ஆமென்.